நிறையப் பார்க்காதீர்கள், நின்று பாருங்கள்!



சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? "எங்கேயாவது வெளியூர் போகலாம்ப்பா" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். அருவி, கடற்கரை, மலை, தீம் பார்க் என்று ஆளுக்கொரு இடம் சொல்வீர்கள். எல்லாம் நல்ல இடங்கள்தான். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால், ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்த இரண்டு நாளையும் பக்கத்து ஊர்க் கலைக்கூடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் ஒதுக்குங்கள் என்பது என் கருத்து. நாளுக்கு ஒரு கலைக்கூடம் போதும். அங்கேயும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். மூன்றே மூன்று பொருள்களை நிதானமாகப் பாருங்கள், போதும்!

"பணம் செலவழித்து இவ்வளவு தூரம் போய், மூன்றே மூன்றா?" என்று கேட்கிறீர்களா? காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஓடிப் பார்த்தால் என்ன ஆகும்?

பள்ளிச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பீர்கள். பேருந்து நின்றதும் வரிசை. உள்ளே நுழைந்ததும் ஓட்டம். ஒரு கதவு வழியாகப் போய் மறு கதவு வழியாக வெளியே வர அரை மணி நேரம். வெளியே வந்ததும், "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "நிறைய சிலை பார்த்தேன்" என்பது பதில். "எந்தச் சிலை?" என்று கேட்டால் பதில் இல்லை. நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இந்தப் பதிலைப் பல முறை கேட்டிருக்கிறேன்.

குற்றம் குழந்தைகளுடையது அல்ல. நூறு பேரின் முகத்தை ஒரே நேரத்தில் காட்டினால் யார் முகம் நினைவில் நிற்கும்? பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியவர் முகம்தான் நிற்கும். சிலைக்கும் ஓவியத்துக்கும் அதே கணக்குத்தான்.

இதில் இன்னொரு பெரிய விஷயமும் இருக்கிறது. யாரும் கவனித்துப் பார்க்காத பொருள், காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாது.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதை

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்று ஒரு கிராமம். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. அன்றாட பூசை நின்றுபோய், கோயில் பூட்டிக் கிடந்தது. உள்ளே அழகான ஐம்பொன் சிலைகள் இருந்தன. திருடர்கள் அவற்றைக் கொண்டுபோய்விட்டார்கள். 2008-ஆம் ஆண்டு கோயிலைத் திறந்து பார்த்தபோதுதான் சிலைகள் இல்லை என்பதே ஊருக்குத் தெரிந்தது.

அங்கிருந்த நடராஜர் எங்கே போனார் தெரியுமா? கடல் கடந்து ஆஸ்திரேலியா போய்விட்டார்! அந்நாட்டின் தலைநகரான கான்பெராவில் உள்ள தேசியக் கலைக்கூடம், 2008-இல் அந்தச் சிலையைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது.

அது நம் ஊர்ச் சிலைதான் என்று நிரூபித்தது எப்படி? புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று உள்ளது. அந்த நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகப் போய், சிலைகளைப் புகைப்படம் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். திருட்டு நடப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்த அந்தப் படங்கள்தாம் சாட்சி சொல்லின. நடராஜர் 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். ஆம், ஆசிரியர் தினத்தன்று!

யாரோ ஒருவர் நின்று பார்த்து, குறித்து வைத்ததால்தான் அந்தச் சிலை திரும்பி வந்தது. உங்கள் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால், அதற்கு ஒரு காவலாள் கூடுகிறார். இதனால்தான் ஓடிப் பார்க்காமல் நின்று பாருங்கள் என்கிறேன்.

திட்டம் போடுவது யார்?

நீங்கள்தான்! பணம் கொடுப்பதும் கூட வருவதும் பெரியவர்கள். ஆனால், ஒரு நோட்டை எடுத்துத் திட்டம் எழுதுவது உங்கள் வேலை. அதில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்.

ஒன்று, ஊர். வீட்டிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். நாள் முழுக்கப் பேருந்திலேயே போனால் பார்ப்பதற்குத் தெம்பு இருக்காது.

இரண்டு, விடுமுறை நாள். இதைப் பலரும் மறந்துவிடுவார்கள். அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் மூடியிருக்கும் இடங்கள் உண்டு. உங்களுக்குப் பள்ளி விடுமுறை, அவர்களுக்கும் விடுமுறை! பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல் இருக்க, முன்னதாகவே அப்பாவைத் தொலைபேசியில் விசாரிக்கச் சொல்லுங்கள். மதியம் இடைவேளை உண்டா என்றும் கேளுங்கள்.

மூன்று, செலவு. பேருந்துக் கட்டணம், தங்கும் அறை, சாப்பாடு, நுழைவுச் சீட்டு என்று நான்கு வரி எழுதிக் கூட்டிப் பாருங்கள். அத்தை வீடோ சித்தி வீடோ அந்த ஊரில் இருந்தால் அறை வாடகை மிச்சம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் ஒரு வேளைச் சாப்பாடும் மிச்சம்.

நான்கு, முன்கூட்டியே படிப்பது. போகிற இடத்தைப் பற்றிப் பள்ளி நூலகத்திலோ, ஊர்ப்புற நூலகத்திலோ இரண்டு பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள்.

ஐந்து, பென்சிலும் கோடு போடாத நோட்டும். இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சனிக்கிழமை: தஞ்சாவூர்

எடுத்துக்காட்டாக நானே ஒரு திட்டம் போட்டுக் காட்டுகிறேன். முதல் நாள் தஞ்சாவூர் அரண்மனை. அங்கேதான் கலைக்கூடம் இருக்கிறது. மாவட்டத்தில் பல இடங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்த சிலைகளை ஒன்று சேர்த்து, 1951-இல் தொடங்கிய கலைக்கூடம் இது. கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் நிறைய உண்டு. திருமேனி என்றால் தெய்வ வடிவம். ஐம்பொன் சிலை என்று நாம் சொல்வதைத்தான் செப்புத் திருமேனி என்றும் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி செம்பு.

இங்கே முதலில் தேட வேண்டியவர் ரிஷபவாகனர். காளையோடு நிற்கும் சிவன். சீர்காழிக்குப் பக்கத்தில் உள்ள திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்தவர். முதலாம் இராசராசன் காலத்தில், 1011-ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்டவர். அதாவது, தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்த அதே காலம்.

இந்தச் சிலையின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். தலையைப் பாருங்கள். தலைப்பாகை போலத் தெரியும். உற்றுப் பார்த்தால், அது சுருட்டிக் கட்டிய சடை, அதில் பாம்புகள்! அடுத்து, கால்களைப் பாருங்கள். ஒரு காலின் குறுக்கே இன்னொரு காலை வைத்து ஒயிலாக நிற்கிறார். இப்போது கையைப் பாருங்கள். ஒரு கை எதன் மீதோ சாய்ந்திருப்பது போல இருக்கிறது. எதன் மீது? காளையின் மீது. காளை எங்கே? காணோம்! காளை இல்லை, ஆனால் அந்தக் கை இருக்கும் விதத்தைப் பார்த்தாலே காளை அங்கே நிற்பதுபோல் தோன்றும். பக்கத்தில் தேவியின் திருமேனியையும் பாருங்கள்.

அடுத்து, அதே திருவெண்காட்டில் கிடைத்த கல்யாணசுந்தரர். சிவனுக்கும் பார்வதிக்கும் திருமணம். சிவன் பார்வதியின் கையைப் பிடித்திருக்கிறார். மணப்பெண்ணின் முகத்தில் உள்ள நாணத்தைப் பாருங்கள். உலோகத்துக்கு வெட்கப்படத் தெரியுமா? செய்தவருக்கு அந்தத் திறமை இருந்தது.

மூன்றாவது பொருளை நான் சொல்ல மாட்டேன். நீங்களே தேர்ந்தெடுங்கள். உங்கள் அண்ணன் ஒன்றும் தங்கை வேறொன்றும் தேர்ந்தெடுத்தால், "ஏன் அதைப் பிடித்தது?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.

நேரம் இருந்தால் அரண்மனையிலேயே உள்ள சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நாயக்கர் காலத்தில் தோன்றி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில் பெரிதாக வளர்ந்த நூலகம் அது. மாலையில் பெரிய கோயில். இரவு நல்ல தூக்கம். முதல் நாள் முடிந்தது.

அச்சு உடைந்தால்தான் சிலை!

சிலை முன்னால் நிற்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிலையை முதலில் மெழுகில் செய்திருக்கிறார்கள். மெழுகோடு குங்கிலியமும் சேர்ப்பார்கள். விரல், நகை, உடையின் மடிப்பு எல்லாம் முதலில் மெழுகில்தான் உருவாகும். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைப்பார்கள். பிறகு சூடாக்கினால், மெழுகு உருகித் துளை வழியே வெளியே ஓடிவிடும். உள்ளே வெற்றிடம். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால் சிலை கிடைக்கும்.

அச்சை உடைத்துவிட்டதால், அதே அச்சில் இன்னொரு சிலை வார்க்க முடியாது. ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இந்த முறையில்தான் சிலை வார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை: புதுக்கோட்டை

காலையில் கிளம்பிக் கந்தர்வக்கோட்டை வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம்போல ஆகும். வெயில் ஏறுவதற்குள் முதலில் சித்தன்னவாசல் போய்விடுங்கள். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். அன்னவாசல் சாலையில் இருக்கிறது.

அங்கே பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில் ஒன்று உள்ளது. உள்ளே போய் மேலே பாருங்கள். விதானத்தில் தாமரைக் குளம்! சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியம். மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், தாமரை பறிக்கும் மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொன்றாகத் தேடி எண்ணுங்கள். நல்ல விளையாட்டு அது. 1920-இல் இந்த ஓவியங்களைப் பற்றி எழுதி உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் ஜூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர்.

ஓவியத்தில் பல இடங்கள் மங்கியும் அழிந்தும் போயிருக்கின்றன. கை விரல் பட்டால் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் ஒட்டும். நாளாக ஆக நிறம் கெடும். எனவே ஓவியத்தையோ சிலையையோ தொடாதீர்கள். சுவரில் பெயர் எழுதும் பழக்கம் உள்ள நண்பன் இருந்தால், அவனுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு, திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1910-இல் தொடங்கியது. நூறு வயதைத் தாண்டிய கூடம். சிலைகளோடு பறவைகள், விலங்குகள், ஆயுதங்கள் என்று பலவும் இருப்பதால் எல்லாவற்றையும் பார்க்க ஆசை வரும். பரவாயில்லை, ஒரு சுற்று வேகமாக வாருங்கள். பிறகு திரும்பிப் போய் மூன்று பொருள்கள் முன்னால் நில்லுங்கள். சமஸ்தானம் தனக்கென்று வெளியிட்ட "அம்மன் காசு" என்ற சிறு செப்புக் காசைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். கேட்டால் சொல்லித் தரும் மனிதர்கள் எல்லா இடத்திலும் உண்டு. நாம்தான் கேட்பதில்லை.

மூன்று கேள்விகள்

எந்தப் பொருளின் முன்னால் நின்றாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

இது எதனால் செய்யப்பட்டது? எந்த ஊரிலிருந்து வந்தது? இதில் என்ன காணவில்லை?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். உடைந்த மூக்கு, காணாமல் போன காளை, மங்கிய நிறம் எல்லாம் இந்தக் கேள்வியால்தான் கண்ணில் படும். பதில்களை நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே படமும் வரையுங்கள். எனக்கு வரையத் தெரியாதே என்று தயங்காதீர்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. வரைவதற்காக நாலு முறை நிமிர்ந்து பார்ப்பீர்கள் அல்லவா, அதுதான் வேண்டியது.

"போர் அடிக்குமே!"

இதைச் சொல்லாத குழந்தை இல்லை. ஊஞ்சல் இல்லை, ஐஸ்கிரீம் இல்லை, சத்தம் போடக் கூடாது. பிறகு என்ன இருக்கிறது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் மூன்றே பொருள் என்றேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கால் வலிக்கும் முன் வெளியே வந்துவிடுங்கள். ஐஸ்கிரீமை வெளியே வந்து சாப்பிடலாம்.

"எல்லாம் சாமி சிலைதானே, கோயிலிலேயே பார்த்துக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். கோயிலில் சுவாமிக்கு உடையும் மாலையும் சாத்தியிருப்பதால், சிற்பியின் கைவேலை முழுவதும் தெரியாது. கலைக்கூடத்தில் அது தெரியும். எந்த மதத்தைச் சேர்ந்தவரானாலும் அந்தக் கைவேலையைப் பார்த்து வியக்கலாம். சைவ, வைணவச் சிலைகளும், சமண ஓவியமும், பௌத்தச் சிற்பங்களும் நம் எல்லோருக்கும் பொதுவான சொத்து.

இன்னொரு யோசனை. பாட்டியையோ தாத்தாவையோ கூட அழைத்துப் போங்கள். பிட்சாடனர் ஏன் கையில் ஓட்டுடன் நிற்கிறார் என்பது பெயர்ப் பலகையில் இருக்காது. பாட்டியிடம் கேட்டால் கதையாகவே வரும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை

குழந்தைகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு விடுவது நியாயம் இல்லை. பல அருங்காட்சியகங்களில் பெயர்ப் பலகை எப்படி இருக்கிறது? "விஷ்ணு, கல், 11-ஆம் நூற்றாண்டு." அவ்வளவுதான்! அதுவும் பெரியவர்கள் கண் உயரத்தில். எட்டு வயதுக் குழந்தை எப்படிப் படிக்கும்? எளிய தமிழில் நாலு வரி, குழந்தையின் உயரத்தில் எழுதி வையுங்கள். உட்கார்ந்து வரைய ஒரு பலகை போடுங்கள். வரைகிற குழந்தையை "நகரு, நகரு" என்று விரட்டாதீர்கள். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது.

பெற்றோர்களே, குழந்தை ஒரு சிலை முன் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் என்ன இருக்கிறது?

தஞ்சாவூர் எங்களுக்குத் தூரம் என்று கவலைப்படாதீர்கள். வேலூர், சேலம், ஈரோடு, கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. தருமபுரியில் நடுகற்களுக்கென்றே ஓர் அகழ்வைப்பகம் இருக்கிறது. மதுரைக்காரர்கள் கீழடி போகலாம். 2023-இல் திறந்த புதிய அருங்காட்சியகம் அங்கே உள்ளது. விழுப்புரம், கடலூர் பக்கத்துப் பிள்ளைகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்க்கலாம். நாகர்கோவில் பிள்ளைகளுக்குப் பத்மநாபபுரம் அரண்மனை ஒரு நாள்; இரவிவர்மா ஓவியங்கள் உள்ள திருவனந்தபுரம் கலைக்கூடம் ஒரு நாள். சென்னைவாசிகளுக்கு 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம். திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் அங்கேதான் இருக்கிறார். ரிஷபவாகனரின் ஊர்க்காரர்!

கடைசியாக ஒரு செய்தி. நம் அருங்காட்சியகங்களில் உள்ள சிலைகளில் பல, வயலில் ஏர் ஓட்டும்போதும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் கிடைத்தவை. இப்படிக் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. நாளை உங்கள் ஊரிலேயே மண்ணிலிருந்து ஒரு கை எட்டிப் பார்க்கலாம். அது வெறும் கல்லா, ஆயிரம் வருடத்துச் சிற்பமா என்று யார் சொல்வது? கலைக்கூடத்தில் நின்று பார்த்துப் பழகிய கண் உள்ளவர்தான் சொல்ல முடியும்.

ஆகவே, இன்றைக்கே நோட்டை எடுத்து ஐந்து வரித் திட்டத்தை எழுதுங்கள். அப்பாவிடம் காட்டுங்கள். போய் வந்தபின், நீங்கள் பார்த்த மூன்று பொருள்களைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் இரண்டு பேராவது அடுத்த விடுமுறைக்கு அங்கே கிளம்புவார்கள், பாருங்கள்!